லைன் காலி

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மரியாதைக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. நான் சொல்லப்போகும் விஷயமே அந்த ஒரு எழுத்தால் வந்ததுதான்.

1996ஆம் வருடம், பொங்கல் முடிந்த வாரம். பெங்களூர் காக்ஸ் டவுனில், இலவசக் கண் முகாம் நடத்தும் ஒரு டிரஸ்டில் டிரைவராக இருந்தேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீடு பிடிக்க வசதி இல்லை. டிரஸ்டின் பழைய டீசல் வேன் ஆபீஸ் காம்பவுண்டுக்குள் நிற்கும். அதிலேயே நானும் என் மனைவியும் குடியிருந்தோம். நோயாளிகள் உட்காரும் நீள பெஞ்சுதான் படுக்கை. பின்கதவைத் திறந்தால் ஸ்டவ். கண் சோதிக்கும் கன்னட எழுத்து அட்டை என் கால்மாட்டில் தொங்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே தூங்குவேன். பார்வை நன்றாக இருந்தது, எழுத்துதான் தெரியாது. முகாம் நாளில் சட்டி பானையைச் சுருட்டி ஆபீஸ் வராந்தாவில் வைத்துவிட்டு வண்டியை எடுப்போம்.

செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி மக்கர் செய்தது. ஸ்டார்ட் ஆகும், இரண்டு நிமிஷம் ஓடும், யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரி திணறி நின்றுவிடும். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். டிரஸ்ட் நிர்வாகத்தைக் கவனிக்கும் ஆபீஸ் அம்மா வந்து, நீயே பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார். தலையாட்டினேன். டீசல் வேலையை மற்றவர்கள் செய்ய வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஞாயித்துக்கெழம ஹொசகோட்டை பக்கம் கேம்ப் இருக்குப்பா. சனிக்கெழம சாயந்திரம் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஓடலைன்னா வேற வண்டிதான். இத எடைக்குப் போட்டுடலாம்னு கமிட்டில சொல்லிட்டாங்க."

அவர்களுக்கு அது பழைய இரும்பு. எங்களுக்கு வேலை, படுக்கை, அடுப்பு மூன்றும் அதுதான்.

புதன்கிழமை, பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், வண்டி திணறும் சத்தம் காதில் விழுந்து அவராகவே காம்பவுண்டுக்குள் வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். இரண்டு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கன்னடத்தில் மடமடவென்று ஏதோ சொன்னார். என் காதில் நின்றது இரண்டே வார்த்தை. லைன், காலி. என் முழியைப் பார்த்துவிட்டு உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து 'ஃபூ' என்று ஊதிக் காட்டினார். புரிந்த மாதிரி தலையாட்டினேன். அவர் சந்தோஷமாக என் தோளைத் தட்டிவிட்டு, வந்த பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

மறக்காமலிருக்க, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் 'லைன் காலி' என்று எழுதி வைத்தேன். எங்கள் ஊரிலும் பானையில் ஒன்றுமில்லை என்றால் கையை ஊதித்தான் காட்டுவோம். அதனால் எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லை. டீசல் வரும் பைப் காலி, அவ்வளவுதான்.

குழப்பம் அதற்குப் பிறகுதான். டீசல் முள் பாதியில் நின்றது. முள் பொய் சொல்லலாம் என்று டேங்க்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். ஒரு சாண் நனைந்து வந்தது. யாராவது திருடுகிறார்களோ என்று மூடியில் நூல் கட்டினேன். காலையில் பார்த்தால், கட்டிய நூல் கட்டியபடி இருந்தது. ஃபில்டரைக் கழற்றினேன். விளிம்பு வரை டீசல். மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தால், இரண்டு நிமிஷம் ஓடியது ஒரு நிமிஷம்தான் ஓடியது. பம்ப்புக்கு வரும் பைப்பைக் கழற்றினேன். கையெல்லாம் டீசல். அப்படியானால் எதுதான் காலி?

சீட்டை எடுத்துத் திரும்பப் படித்தேன். லைன் காலி. மறுபடி கழற்றினேன். கழற்றக் கழற்ற வண்டி ஓடுவது குறைந்தது. வெள்ளிக்கிழமை சுத்தமாக நின்றுவிட்டது. அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. உள்ளே நிறைய இருக்கிறது, வெளியே எதுவும் போகவில்லை, சீட்டு மட்டும் காலி என்கிறது. எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதோ என்று பயமாக இருந்தது.

அந்த மனிதர் என்ன சொன்னார் என்று மனைவி கேட்டபோது, டீசல் வரவில்லையாம் என்றேன். "ஊத்துன டீசல் எங்க போவும், வண்டி குடிச்சிட்டு மப்புல கெடக்குதா?" என்றாள். அவளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தே எட்டு மாதத்தில் கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்கு வந்திருந்தாள். நான் வெளியே வாயைத் திறப்பதே இல்லை. அன்று சாயந்திரம் அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை, வாஷர் வாங்கப் போகும் வழியில் ஒரு சைக்கிள் கடை. வயதான ஒரு பெண் தன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்காரரிடம், "இதக்கே ஸொல்ப காளி ஹாக்கப்பா" என்றார். என் கால் நின்றுவிட்டது. ஸொல்ப என்றால் கொஞ்சம், ஹாக்கு என்றால் போடு என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். காலியை எப்படிப் போட முடியும்? காலி என்பது எடுத்த பிறகு இருப்பதுதானே? கடைக்காரர் பம்ப்பை மாட்டி அடித்தார். டயர் உப்பியது. பிறகு வேறொரு டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். ஓட்டை இருந்த இடத்தில் குமிழ் குமிழாக வந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வாஷரை மறந்து திரும்பி ஓடினேன்.

மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். கன்னடத்தில் காலி என்றால் என்ன என்று கேட்டேன்.

"காலின்னா காலிதான். காளியா கேக்கறீங்க? காளின்னா காத்து." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நாலு நாளா அந்தச் சீட்டையே மொறச்சி மொறச்சி பாத்தீங்களே. அந்தாளு சொன்னத அப்டியே எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லியிருந்தா வாய் தேஞ்சிடுமா?"

அவர் சொன்னது லைனில் காற்று இருக்கிறது என்று. நான் எழுதியது லைன் காலி என்று. காதில் விழுந்த சத்தம் அன்றைக்கே போய்விட்டது, தப்பாக எழுதிய எழுத்துதான் நின்றது. ள போட்டிருந்தால்கூட, டீசல் லைனில் காளியம்மனுக்கு என்ன வேலை என்று யாரையாவது கேட்டிருப்பேன்.

ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் இளநீர் ஒழுகாது, வெறும் காற்றுதான் வாய்க்கு வரும். வண்டியும் அப்படித்தான் காற்றை இழுத்திருக்கிறது. அதோடு ஒவ்வொரு முறை கழற்றியபோதும் நானே இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டிருக்கிறேன்.

அப்படியானால் டேங்க் பக்கத்திலிருந்து ஊதினால் ஓட்டை வழியாக டீசல் வெளியே வர வேண்டும். டேங்க் வாயில் ஒரு ரப்பர் குழாயை விட்டு, சுற்றிலும் ஈரத்துணி அடைத்தேன். மனைவியிடம் ஊதச் சொல்லிவிட்டு அடியில் படுத்தேன். விறகடுப்பு ஊதின வாய் என்று பெருமை பேசிக்கொண்டே ஊதினாள். மூன்றாவது ஊதலில், டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி நனைந்தது. மயிர் போல ஒரு வெடிப்பு. நாலு நாளில் என் விரல் பத்து முறை அதன் மேல் போயிருக்கும்.

வெடித்த முனையை ஒரு விரல் அளவு அறுத்தேன். மிச்சத்தை இழுத்துச் சொருகிக் கிளிப்பை முறுக்கினேன். உள்ளே நின்ற காற்று வெளியேற, ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்ப்பை அடித்தேன். முதலில் நுரை, பிறகு குமிழ், பிறகு சுத்தமான டீசல். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். இருமியது, நின்றது. மறுபடி செய்தேன். ஓடியது. இரண்டு நிமிஷம் தாண்டியது, பத்து நிமிஷம் தாண்டியது. மனைவி சாக்கு மூட்டையை அவிழ்த்து டீ பாத்திரத்தை வெளியே எடுத்தாள்.

சாயந்திரம் ஆபீஸ் அம்மா வந்தபோதும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நீயே சரி பண்ணிவிட்டாயா என்று கேட்டார். வழக்கம் போல என் தலை ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"இல்லம்மா. ஒருத்தர் புதன்கெழமையே வந்து சொன்னாரு. எனக்குத்தான் புரியல" என்றேன். அவர் சிரித்துவிட்டு, காலையில் ஆறு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும் என்று சொல்லிப் போனார்.

அந்த மனிதரை அப்புறம் நான் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவரைப் பல நாள் தேடினேன். வண்டி அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓடியது, அதற்குள் ஒக்கலிபுரத்தில் ஒரு அறை பிடித்துவிட்டோம். காலண்டர் தாள் இன்னும் என் லைசென்ஸ் புத்தகத்துக்குள் இருக்கிறது. ல-வை அடித்து மேலே ள எழுதியிருக்கிறேன். இப்போதும் யாராவது ஏதாவது சொல்லிப் புரியாவிட்டால் தலை தானாக ஆட வரும். அப்போது அந்த ஹோஸில் நனைந்த கறுப்புப் புள்ளி நினைவுக்கு வரும், வெட்கத்தை விட்டு, "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன்.

எழுதி முடித்தது: 14.3.2004, ஞாயிற்றுக்கிழமை.