அர்ஜென்டினா திராட்சைத் தோட்டத்துக்கு அம்மா தயார்

இன்று அம்மா அப்பாவுடன் தாம்பரத்தில் நடந்த தென் அமெரிக்கா குரூப் டூர் கூட்டத்துக்குப் போயிருந்தேன்.

ரியோ, இகுவாசு அருவி என்று வரிசையாகச் சொல்லிவந்த கைடு, "அடுத்து அர்ஜென்டினா திராட்சைத் தோட்டம். அங்க ஒயின் ருசி பார்க்கலாம்" என்றார்.

அப்பா எழுந்துவிட்டார். "சார், நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல. அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் ரூம்லயே விட்டுடுங்க."

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க ரூம்ல இருங்க. நான் போறேன்."

"நீயா?"

"அவ்ளோ தூரம் போயிட்டு ரூம் சுவத்தையா பாக்கணும்? ஒரு வாய் குடிச்சுத்தான் பாக்குறேனே!"

பின்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள்.

திரும்பும்போது கார் பெருங்களத்தூரைத் தாண்டியதும் அப்பா மெதுவாக, "நானும் வரேன். உன்னைப் பத்திரமா ரூமுக்குக் கூட்டிட்டு வரணும்ல?" என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அங்கே யார் யாரைக் கூட்டிவரப் போகிறார்கள்? உங்கள் கணிப்பைச் சொல்லுங்கள்.