காதுக்கு எட்டும் தூரம்

காலை ஆறரை மணிக்கு அக்கா கூடத்தில் தவழ்ந்துகொண்டிருப்பார். சோபாவுக்கு அடியில் தலையை நுழைப்பார். மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்து, பலகையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி, சிராய் ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஐம்பத்திரண்டு வயது, சற்றே கனத்த உடம்பு. எழுந்திருக்க நாற்காலியின் உதவி வேண்டும். "நம்ம கண்ணு அஞ்சடி ஒசரத்துல இருக்கு. அதுங்க கண்ணு ஒண்ணரை அடியில இருக்கு. அங்க எறங்கிப் பாத்தாத்தான் வீட்டுல எவ்ளோ வில்லங்கம் ஒளிஞ்சிருக்குன்னு தெரியும்" என்பார். ஒரு நாள் வேட்டையில் அகப்பட்டவை: சட்டைப் பொத்தான் ஒன்று, பேனா மூடி ஒன்று, கணவர் தின்று சிந்திய வேர்க்கடலை ஒன்று. அந்த ஒற்றைக் கடலைக்காகக் கணவருக்கு அன்று காலை முழுக்க அர்ச்சனை நடந்தது.

பெற்றவர்கள் வேலைக்குப் போகும் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது அக்காவின் தொழில். முறையாகப் பதிவு செய்து, பயிற்சி முடித்து, பதினான்கு வருடமாகச் செய்துவந்தார். தெருவில் அவருக்குத் 'தாழ்ப்பாள் அக்கா' என்று பெயர். சமையலறைக் கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள். மாடிப்படியின் உச்சியிலும் அடியிலும் இடுப்பளவுத் தடுப்பு. மருந்து அலமாரிக்குக் கொக்கி, குப்பைக்கூடைக்குக் கொக்கி, ஃப்ரிட்ஜுக்கும் கொக்கி. பஸ் ஓட்டுநரான கணவர், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "அறுவது பேரை ஏத்திக்கிட்டு நான் பஸ் ஓட்டிடுவேன். இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கத்தான் எனக்கு இன்னும் பயிற்சி பத்தல."

பதிவு செய்த அலுவலகம் கொடுத்திருந்த விதிப்புத்தகம் அவருக்கு மனப்பாடம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். ஜன்னல் திரையின் கயிறு பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. தூங்கும் பிள்ளையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து, நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். எந்நேரமும் பிள்ளைகள் பராமரிப்பவரின் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். மற்றவர்கள் நோட்டை மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதி முடிப்பதுண்டு. அக்கா அப்படி ஒரு வரிகூட எழுதியதில்லை. "பாக்காததப் பாத்தேன்னு எழுதினா கை கூசும்" என்பார்.

அந்த வருடம் அவரிடம் மூன்று பேர் இருந்தார்கள். நான்கு வயதுப் பெண் ஒருத்தி. ஓயாமல் 'ஏன், எதுக்கு' என்று கேட்பதால் அக்கா அவளுக்குக் 'கேள்வி' என்று பெயர் வைத்திருந்தார். இரண்டு வயதுப் பையன். நடக்க வேண்டிய இடத்தையும் உருண்டே கடப்பான், அதனால் 'உருண்டை'. மூன்றாவது பத்து மாதப் பாப்பா. பாப்பாவின் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாசலில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுவார். "உங்ககிட்ட விட்டா வார்டுல எனக்கு வீட்டு நெனப்பே வராதுக்கா" என்று ஒருமுறை அவர் சொன்னதை, அக்கா கணவரிடம் நான்கைந்து தரம் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

கணவருக்கு அக்காவைப் பற்றி ஒரு பழைய குறை இருந்தது. "அவளுக்கு வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது. கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான்." அக்காவும் சிரித்துக்கொள்வார். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதும், போனை இடது காதிலேயே வைத்துப் பேசுவதும் அவருக்கே ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஒரு நாள் பிற்பகல் இரண்டு பத்துக்கு, உள்ளறையில் தூங்கிய பாப்பாவைப் பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுதினார். அறைக்கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் உருண்டைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தார். கேள்வி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, பாப்பா அழறா."

"இல்லடி கண்ணு, தூங்குறா. இப்பத்தானே பாத்துட்டு வந்தேன்."

"ரொம்ப நேரமா அழறா அத்தை."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்தொன்பது. எழுந்து போனார். தொட்டில் கட்டிலின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே பாப்பாவின் கால் முழங்கால்வரை போய்ச் சிக்கியிருந்தது. முகம் கன்றிச் சிவந்திருந்தது. அழுது அழுது குரல் தேய்ந்து, விக்கல்தான் மிச்சமிருந்தது. காலை மெல்லத் திருப்பி விடுவித்து, தோளில் போட்டுக்கொண்டார். விக்கல் ஒவ்வொன்றும் தன் நெஞ்சில் இடிப்பது அவருக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் எங்கோ அடுத்த தெருவில் கேட்பதுபோல இருந்தது.

பாப்பா அடங்கித் தூங்கிய பிறகு, கேள்வியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்: "ஏண்டி கண்ணு, பாப்பா அழுதப்பவே என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேனே! நீ திரும்பவே மாட்டே. எப்பவும் திரும்ப மாட்டே. அதான் நான் வந்து கையை இழுப்பேன்." அவளுக்கு அது ஒரு புகாரே இல்லை, வீட்டு வேலைகளில் ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள். "உருண்டை அழுதாக்கூட நாந்தானே உனக்குச் சொல்றேன்."

எத்தனை மாதமாக என்று கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு மாதக்கணக்கும் தெரியாது.

விபத்துப் பதிவேட்டில் நேரம் போட்டு, கால் கம்பியில் சிக்கியதையும் சிவந்த தடத்தின் நீளத்தையும் எழுதினார். அழுகை தன் காதில் விழாத ஒன்பது நிமிடத்தை எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்து, மூடி வைத்துவிட்டார். மாலையில் நர்ஸம்மா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபடியே நன்றி சொன்னார். "இந்தச் சின்ன விஷயத்தக்கூட எழுதி வச்சிருக்கீங்களே அக்கா. வேற யாரு செய்வா?" அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை.

காது டாக்டர், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தார். வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை. இடது காதில் பாதி. அதுவும் இறங்கிக்கொண்டே போகும். நரம்புக் கோளாறு, மருந்தில்லை. மிஷின் வைத்துக்கொண்டால் ஓரளவுக்குக் கேட்கும் என்றார். "ஆனா சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு சொல்ல ரெண்டு காது வேணும்மா. அத மிஷின் குடுக்காது."

மிஷின் வைத்துக்கொண்ட முதல் நாள் கரண்டி விழுந்த ஓசையில் அக்கா துள்ளிவிட்டார். அழுகை கேட்டது. உள்ளறையா, கூடமா, தெருவா என்று மட்டும் விளங்கவில்லை; எழுந்து மூன்று பக்கமும் ஓடினார். நான்காம் நாள், இடுப்பில் இருந்த பாப்பா பளபளக்கும் அந்தப் பொருளைக் காதிலிருந்து பிடுங்கி, நேரே வாய்க்குக் கொண்டுபோனாள். அக்கா தட்டிவிட்டதில் அது தரையில் விழுந்து திறந்துகொள்ள, உள்ளேயிருந்து பொத்தான் பேட்டரி ஒன்று உருண்டோடியது. பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் தொண்டையை அரித்துவிடும் பேட்டரி அது. விதிப்புத்தகத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். பதினான்கு வருடத்தில் தன் வீட்டு வாசலைத் தாண்ட அவர் அதை விட்டதில்லை. இப்போது தன் காதிலேயே சுமந்துகொண்டிருந்தார்.

மிஷினைக் கழற்றி மருந்து அலமாரியில் வைத்துக் கொக்கி போட்டார்.

பிறகு ஒரு மாதம் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். தொட்டில் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்தார். மூன்று பேரையும் ஒரே பாயில் வைத்து, எதிரே உட்கார்ந்துகொண்டார். ஒரு பிள்ளைக்குச் சட்டை மாற்றும்போது மற்ற இருவரும் பார்வைக்குள் இருக்கும்படி கோணல்மாணலாகக் குனிந்தார். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டார். மூன்றாவது வாரம் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தார். "என்னத்துக்கு இந்தத் தவம்? ஊரு உலகத்துல காது மந்தமானவங்க புள்ளை வளக்கலையா?" என்று கணவர் கத்தினார். அவர் கத்திச் சொன்னதால் அது அக்காவுக்கு நன்றாகவே கேட்டது.

"அவங்க வளக்கறது அவங்க புள்ளைய. இது அடுத்தவங்க புள்ளை."

வருடாந்திர ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கெடுபிடியானவர் என்று பெயர். ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்தார். குழாய் வெந்நீரில் வெப்பமானியை விட்டார். முதலுதவிப் பெட்டியில் காலாவதித் தேதிகளைப் படித்தார். புகை எச்சரிக்கைக் கருவியை அழுத்திப் பார்த்தபோது, கேள்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்; அதைப் பார்த்துத்தான் கருவி வேலை செய்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டரம்மா எதிரில் உட்கார்ந்து, முகத்துக்கு முகம் பேசியதில், உதடு பார்த்தே அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டார். முழு மதிப்பெண். "உங்க வீட்டப் படம் புடிச்சு மத்தவங்களுக்குக் காட்டணும்மா."

கடைசியில் உறுதிமொழிப் படிவம் ஒன்று வந்தது. 'என் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தொலைவில்' என்று அச்சடித்திருந்தது. கண்ணுக்கோ, காதுக்கோ. அந்தக் 'கோ'வைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அக்கா கையெழுத்துப் போட்டார். கை கூசியது.

அதே வாரம் கேள்வி பள்ளிக்கூடம் சேர்ந்தாள். புதுப் பையை மாட்டிக்கொண்டு வந்து காட்டினாள். "நான் போயிட்டா உனக்கு யாரு அத்தை சொல்லுவா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை, சிரித்தார்.

திங்கட்கிழமை. அக்கா பாப்பாவுக்கு நாப்கின் மாற்றினார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நிமிர்ந்து திரும்பினால் உருண்டை தன் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறான். ஒரு கை நீளும் தூரம்தான். கன்னம் இரண்டிலும் கண்ணீர்க் கோடு. ஒரு கோடு காய்ந்தே போயிருந்தது. உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார். அடியில்லை, காயமில்லை. எதற்கு அழுதான், எவ்வளவு நேரம் அழுதான், எப்போது அழுவதை நிறுத்தினான் என்று சொல்ல அவனுக்கு வார்த்தையும் இல்லை. அழுதும் ஆள் திரும்பாத முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதற்குமேல் அழுது என்ன பயன் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அக்கா அவனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காது கேட்காததைப் பெற்றவர்களிடம் சொல்லிவிடப் போவதாகக் கணவரிடம் சொன்னபோது அவர் பதறினார். "அவங்களே முழு மார்க் போட்டுக் குடுத்துட்டாங்க. நீ எதுக்கு வாயத் தொறக்குற?"

"அவங்க வீட்டத்தான் பாத்தாங்க. என்னைப் பாக்கல."

மறுநாள் மாலை உருண்டையின் அப்பாவிடம் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனார். நர்ஸம்மாவை உட்காரவைத்துச் சொன்னார். பாதியிலேயே அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது.

"அன்னிக்குக் கால் சிக்கினப்ப எவ்ளோ நேரம் அழுதா?"

"ஒம்போது நிமிஷம்."

"கால் சிக்கிடுச்சுன்னு மட்டுந்தானே அக்கா எழுதியிருந்தீங்க?"

"ஆமாம்மா."

"நான் உங்களுக்கு நன்றி வேற சொன்னேன்."

அக்கா பாப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தார். நர்ஸம்மா பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்தார். வாசல் கதவுவரை போய், திரும்பாமலே ஏதோ சொன்னார். தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. திட்டினாரா, நாளைக்கு நான் எங்கே போவேன் என்று அழுதாரா? முகம் தெரியாததால் அக்காவுக்கு விளங்கவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

பதிவை ரத்து செய்யச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். காரணம் என்ற இடத்தில் ஒன்பது நிமிடத்தையும் எழுதினார். வருத்தம் தெரிவித்து இரண்டு வரியில் பதில் வந்தது.

அலுவலகப் பட்டியலில் இருந்த எந்த வீட்டிலும் இடமில்லை. நர்ஸம்மாவுக்கு ஏழு மணிக்கு வேலை. பாப்பாவை இப்போது எதிர்வீட்டில் விடுகிறார். எதிர்வீட்டு அம்மாளுக்குப் பதிவும் இல்லை, பயிற்சியும் இல்லை. தையல் வேலைக்கு நடுவே பார்த்துக்கொள்கிறார். நல்ல மனுஷிதான். ஆனால் கதவைத் திறந்தால் செங்குத்தாக எட்டுப் படி. அக்கா தன் வீட்டுத் தடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் நீட்டியபோது, "எங்க வீட்டுப் புள்ளைங்கல்லாம் இந்தப் படியிலதான் வளந்துச்சுக்கா" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அலுவலகத்துக்குச் சொல்லலாம். சொன்னால் நர்ஸம்மாவின் வேலை போய்விடும். பாப்பா அடுத்து எந்த வீட்டுக்குப் போவாள் என்பதும் தெரியாது. கணவர் டூட்டிக்குக் கிளம்பியதும் அக்கா மாடிக்குப் போய் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார்.

நேற்று முற்பகல் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. பாப்பா தனியாகத் தவழ்ந்து வந்து மேல் படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, வாயை அகலத் திறந்திருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று இத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை. அக்கா எழுந்து, ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, கம்பியில் நெற்றி அழுந்த, இடது காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டார்.