மொட்டை மாடியில் ஒரு வைஃபை டிரைவர்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குள் போன் சிக்னல் நிற்காது. கீழே இருந்த வீட்டுக்கார அம்மா தன் வைஃபையை எங்களுக்கும் கொடுத்திருந்ததால் பிழைத்தோம்.

மகள் பிறந்தபின் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தேன். வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்ததில், மறுநாள் காலை ஆன்லைன் தேர்வு. கேமராவைப் போட்டுக்கொண்டு மடிக்கணினியில்தான் எழுத வேண்டும், போனில் முடியாது. நான் படிக்க வேண்டும் என்று மகளை என் அம்மா தன் ஊரான கல்லாவிக்கு அழைத்துப் போயிருந்தார்.

எங்கள் மடிக்கணினி பழையது. அதன் உள்ளே இருந்த வைஃபை எப்போதோ செத்துவிட்டது. விண்டோஸ் திணறுகிறது என்று கணவரோடு வேலை செய்பவர் முந்தின வாரம்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். வைஃபைக்காக வாங்கிய யுஎஸ்பி அடாப்டர் அன்று காலைதான் கைக்கு வந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. சொருகினேன். விளக்கு எரியவில்லை. கூடவே வந்த சிடியைப் போட இந்தக் கணினியில் இடமே இல்லை.

டீ இடைவேளையில் கணவர் வேலையிடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"ஏங்க, அந்த அடாப்டர் வேலை செய்யலங்க."

"வேற ஓட்டையில சொருகிப் பாத்தியா?"

"எல்லாத்துலயும் பாத்துட்டேன். லினக்ஸ் போட்டவர கேளுங்களேன்."

"அவரு நைட் ஷிப்ட்டு. போன ஆஃப் பண்ணிட்டு தூங்கினு இருப்பாரு. கடைக்கு எடுத்துனு போயேன்."

"கடைக்குப் போன் பண்ணிட்டேங்க. லினக்ஸ்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போடணும், ரெண்டு நாளாவும்னு சொல்றாங்க."

இடைவேளை முடிந்து மணியடிக்கவே அவர் போனை வைத்துவிட்டார்.

போனில் வைஃபையைப் போட்டுத் தேடினேன். அடாப்டரின் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் லினக்ஸில் தானாக வராது, இணையத்திலிருந்து இறக்க வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். இணையம் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர இணையம் வேண்டும். இன்னும் கீழே ஒருவர், போனைக் கேபிளால் கணினியோடு இணைத்து அதன் டேட்டாவையே கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். சிக்னலுக்கு மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும்.

வெயிலில் திரை கண்ணாடி மாதிரி என் முகத்தையே காட்டியது. கொடியில் காய்ந்த போர்வைக்குள் புகுந்து உட்கார்ந்தேன். என் கேபிளில் சார்ஜ் மட்டும்தான் ஏறியது. கீழே ஓடிக் கணவருடைய கேபிளை எடுத்து வந்ததும் இணையம் வந்தது. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. எத்தனை எழுத்து அடித்தாலும் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. விசைப்பலகையும் போய்விட்டது என்றே நினைத்தேன். தெரியாது, ஆனால் பதிவாகும் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

களத்தில் போடுவது போல மாடியில் ராகி காயப்போட்டிருந்தார்கள். அதைக் கிளறிவிட வீட்டுக்கார அம்மா மேலே வந்தார்.

"ஏனம்மா, ஈ பிசிலல்லி ஏன் மாட்தித்தியா?"

இந்த வெயிலில் என்ன செய்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டவர், குனிந்து திரையில் வரிகள் கடகடவென ஓடுவதைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "ஐயோ, என்னாமா இப்டி ஓடுது? வைரஸா?"

"இல்லீங்கம்மா, நான்தான் ஓடவிட்டிருக்கேன்."

சொல்லி முடிக்கும் முன்பே ஓட்டம் நின்று, பிழை என்று வந்தது. ஹெட்டர்ஸ் என்ற ஏதோ ஒன்று இல்லையாம். அதையும் இறக்கப் போட்டேன். அதற்குள் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. பாதியில் அணைந்தால் எல்லாமே கெட்டுப்போகுமோ என்று பயந்தேன்.

"சார்ஜ் இல்லீங்கம்மா" என்றேன், குரல் உடைந்து.

"அதுக்கு ஏன் அழுவுற? படிக்கட்டு ரூம்ல பிளக் இருக்குது. நீ அத புடி, நான் போன எடுத்துனு வரேன்."

நான் கணினியையும் அவர் போனையும் ஏந்திக்கொண்டு, நடுவில் கேபிள் கழன்றுவிடாமல், ராகியை மிதிக்காமல் அடிமேல் அடி வைத்து நடந்தோம். கீழேயிருந்து சார்ஜரைக் கொண்டுவந்து சொருகியபின், டிரைவர் ஏறும்போது கணினி ஒரு புதுக் கடவுச்சொல் வைக்கச் சொன்னது. எதற்கென்று தெரியாமலே வைத்தேன். பிறகு கணினியை அணைத்துப் போடச் சொன்னது. போட்டதும் திரை முழுக்க நீலம். கணினியையே கெடுத்துவிட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். கணவருக்கு என்ன பதில் சொல்வது? போனில் தேடிப் பார்த்தால், டிரைவரை நம்பலாமா என்று கணினி கேட்கிற இடமாம் அது. சற்று முன் வைத்த கடவுச்சொல்லைத்தான் கேட்டது. அடித்தேன். வழக்கமான திரை வந்தது. அடாப்டரில் சின்னதாக ஒரு நீல விளக்கு சிமிட்டியது.

"எரியுதும்மா!" என்று கத்தியதில் அந்த அம்மா ராகியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

மறுநாள் தேர்வின் நடுவில் என் முழங்கை பட்டு அடாப்டர் அசைந்தது. பக்கம் அப்படியே உறைந்து நின்றது. கேமரா பார்க்கிறதே என்று முகத்தை அசைக்காமல் விரலால் மெல்ல அழுத்தினேன். அடுத்த கேள்வி வந்தது.

அந்த வேலை கிடைத்தது. இன்னும் அதே கணினியில்தான் பார்க்கிறேன். அப்டேட் செய்யலாமா என்று அது அவ்வப்போது கேட்கும். கணவர் பக்கத்தில் இருந்தால், "போட்டுடேன், என்ன ஆவப்போவுது?" என்பார். அப்டேட்டில் அந்த டிரைவர் போய்விட்டால் மறுபடி மொட்டை மாடிதான் என்று, நான் 'பிறகு பார்க்கலாம்' என்பதை அழுத்திவிட்டு, விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.