மரத்தோணியின் விலை

சாய்ந்தமருதுக் கடற்கரை வீதி. தான் செதுக்கிய மரத்தோணிகளை ஒரு மேசையில் அடுக்கி விற்கிறாள் நஸ்லியா. இருபத்தைந்து வயதிருக்கும். ஒவ்வொரு தோணியிலும் ஓர் அட்டை: "சுனாமியில் ஒதுங்கிய மரம். பதினையாயிரம் ரூபாய்."

"உண்மையாவே சுனாமி மரமா?" என்று கேட்கிறேன்.

"இல்லக்கா. மரம் அரிஞ்சு விக்கிற மரக்காலையில வாங்கின வேப்பங்கட்டை. முதல்ல வேம்பெண்டு எழுதி ஐயாயிரம் போட்டன். மூணு மாசமா ஒண்டும் விக்கல்ல. ஹோட்டல் வச்சிருக்கிற ஒராள்தான் இப்பிடி எழுதச் சொன்னார். போன கிழமை மட்டும் நாலு போயிட்டு."

ஒரு தோணியைக் கையில் எடுக்கிறேன். விளிம்பை நகத்தளவு மெல்லியதாக இழைத்திருக்கிறாள். அவ்வளவு சுத்தமான உளி வேலை. அதைப் பற்றி அட்டையில் ஒரு சொல்லும் இல்லை.

"சுனாமியில உங்கட வீட்டில யாரும்...?"

"ஓம், உம்மா. எனக்கு அப்ப நாலு வயசு." மேசையில் கிடந்த மரத்தூளைக் கையால் வழித்துத் தள்ளுகிறாள். "அதையும் எழுதினா இருபத்தையாயிரம் போடலாமாம். உம்மாட போட்டோவையும் வைக்கச் சொல்றார்."

"எழுதப் போறீங்களா?"

"இன்னும் எழுதல்ல" என்கிறாள். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.