ஒரே பழத்துப் பலாக்கன்றுகள்

பாப்பாமோட்டையில் என்னோடு வயல்வேலைக்கு வரும் பாக்கியம் அக்கா மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். ஒரே பழத்தின் கொட்டைகளில் முளைத்த இரண்டு பலாக்கன்றுகளில் ஒன்றை எனக்குத் தந்து, மற்றதைத் தன் கிணற்றடியில் நட்டார். ஐந்து வருடத்தில் அவருடைய மரத்து இலைகள் கையளவு அகன்றிருந்தன. வெட்டவெளியில் நின்ற என் மரத்து இலைகள் அதில் பாதிதான். அவருடைய கிணற்றுக்கு நான் தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் எனக்கு மனம் எரிந்தது. மூன்று மாதம் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

கடைசியில் என் மரத்து இலையொன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. நல்ல பலாக்கண்டை நீங்கள் வச்சுக்கொண்டு எனக்கு நோஞ்சானைத் தந்தனீங்கள், என்ன?"

அவர் என்னைத் தன் மரத்தின் மறுபக்கம் கூட்டிப்போனார். நான் இதுவரை பார்த்ததெல்லாம் கிணற்றடி நிழலில் இருந்த கிளைகளை மட்டும்தான். வெயிலும் சோளகக் காற்றும் நேரே அடிக்கும் கிளையொன்றை வளைத்து, அதன் இலைமேல் என் இலையை வைத்தார். அளவு அப்படியே பொருந்தியது.

"வெயில் பக்கம் சின்னதாத்தான் விடும் தங்கச்சி. பெருசா விட்டா காஞ்சி போயிருமே."

இலையைத் திருப்பித் தந்தவர் மெல்லக் கேட்டார்: "மூணு மாசமா நீங்க சரியாப் பேசல. ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

அவருக்கும் என்மேல் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, எனக்குச் சுகமில்லையோ என்று.