பேசாத இருவரோடு லவாலுக்கு

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், என்னைத் தங்கவைத்திருந்த குகன் அண்ணையின் வேனில் ஏறினேன். மொன்றியலில் மலையையும் தேவாலயங்களையும் பார்த்தாகிவிட்டது. இன்று கால்பந்து என்றார். எனக்குக் கிரிக்கெட்டே அரைகுறை. ஆனாலும் சோறு போடுகிறவர் கூப்பிட்டால் மறுக்க முடியுமா?

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், பேருந்து ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அரபு இளைஞர்களும் யூத இளைஞர்களும் சேர்ந்து ஆடும் ஒரு குழுவுக்குப் பயிற்சியாளர், மேலாளர், தண்ணீர் தூக்குபவர் எல்லாம் அவரே. இந்தக் கோடையில் அந்தக் குழு ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை.

"அரபும் இல்லாத, யூதனும் இல்லாத ஆள் வேணும் எண்டு தேடினவை, தம்பி. அம்பிட்டவன் நான்."

இரண்டு தெரு தள்ளி டானியேல் ஏறினான். யூதப் பையன், கோல் கீப்பர், கதவு உயரம் இருந்தான். ஆட்டம் நடக்கும் லவால் நகரம் அங்கிருந்து வடக்கே அரைமணி நேரம்கூட இல்லை. வேனோ மேற்கே திரும்பியது. குழுவின் சட்டம் அப்படி: யாரும் தனியே மைதானத்துக்கு வரக்கூடாது, ஒவ்வொரு வண்டியிலும் இரு தரப்பு ஆளும் இருக்க வேண்டும். ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தருகே யூசுப் ஏறினான். லெபனான் குடும்பம், தடுப்பாட்டக்காரன். எனக்கு "போன்ஷூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னான். டானியேலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அவர்களுக்குப் புரியாத தமிழில் அண்ணை விளக்கினார்.

"மூண்டு கிழமையா இப்பிடித்தான். அங்கை இவங்கடை ரெண்டு நாட்டுக்கும் சண்டை. யூசுப்பின்ரை பெரியம்மா வீடு குண்டிலை போச்சு. டானியேலின்ரை அக்கா பிள்ளையளோடை பங்கருக்குள்ளை. ரெண்டு பேரும் ஃபோனிலை ஆளுக்காள் ஏதோ எழுதிப்போட்டாங்கள். இண்டையோடை விலகப்போறம் எண்டு தனித்தனியாச் சொல்லிப்போட்டாங்கள். இவங்கள் போனால் மற்றவையும் போயிடுவினம். பிறகு குழு இல்லை."

கண்ணாடியில் பார்த்தேன். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு ஆட்டம். மைதானத்தருகே ஒரு மூலைக் கடை. அதை டெப்பனர் என்கிறார்கள். காபி இரண்டு டாலர், குடித்தால் கழுநீர்.

முதல் பாதியில் ஒரு பந்து உயர எழும்பி கோலுக்கு முன்னால் இறங்கியது. கோல் கீப்பர் "எனக்கு" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் தடுப்பாட்டக்காரன் விலகுவான். டானியேல் வாய் திறக்கவில்லை. அவனும் யூசுப்பும் ஓடி, முட்டி, விழுந்தார்கள். பந்து தானாக உருண்டு உள்ளே போனது. எதிரணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் அதேமாதிரி இன்னொன்று.

"யூசுப், விடு!"

டானியேலின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. யூசுப் குனிந்தான், பந்து கீப்பர் கைக்குள் அடங்கியது. அதற்குப் பிறகு அவர்களுக்கும் கோல் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஒன்றுக்குப் பூஜ்யம், தோல்வி. 'எங்களுக்கு' என்று எழுதுமளவுக்கு நான் ஆகிவிட்டேன்.

பன்னிரண்டரைக்குத் திரும்பினோம். பாலம் தாண்டினோம். பிறகு யூசுப் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

"முதல் பந்துக்கு ஏன் கத்தல?"

"நான் வர்றது உனக்குத் தெரியலையா?"

"எனக்கென்ன முதுகுலயா கண்ணு?"

பிரெஞ்சுக்கு மாறினார்கள். குரல் ஏறிக்கொண்டே போனது. கைகலப்பாகிவிடுமோ என்று பயந்தேன்.

"என்ன சொல்றாங்க, அண்ணே?"

"இவ்வளவு நாளும் நீ ஏன் ஃபோன் எடுக்கேல்லை எண்டு ஒருத்தன் கேக்கிறான். நீ ஏன் எடுக்கேல்லை எண்டு மற்றவன் கேக்கிறான்."

சிறிது நேரத்தில் குரல்கள் தணிந்தன. டானியேல் ஏதோ கேட்டான். யூசுப் மெதுவாக, நீளமாகப் பதில் சொன்னான். இடையில் ஒருமுறை டானியேல் அவன் தோளில் கை வைத்தான்.

யூசுப் இறங்க வேண்டிய ரொக்ஸ்பரோவுக்குப் பிரியும் பலகை வந்தது, பின்னால் போனது.

"அண்ணே, திரும்ப வேண்டிய இடம் போயிடுச்சே!"

"தெரியும் தம்பி. சத்தம் போடாமல் இரும்."

எங்கள் திருச்சியில் கல்யாண வீட்டில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால், கெட்டிக்காரத்தனமாக ஆளுக்கொரு பந்தியில் உட்கார வைத்துவிடுவோம். அண்ணை அடுத்த திருப்பத்தையும் விட்டுவிட்டு, மேற்கே ஓட்டிக்கொண்டிருந்தார்.