மாதேவன்பிள்ளையின் வாரிசு

பழவங்காடியில் முப்பத்தெட்டு வருஷம் பாத்திரக்கடை நடத்திய பகவதிப்பெருமாளுக்கு, சாவியை மகன் கையில் கொடுத்த வாரமே ஓர் உண்மை உறைத்தது: தாம் பெரிய வம்சம். அதுவரை உறைக்காமல் போனதற்கு வியாபாரத்தைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். குக்கருக்கு ரப்பர் கேட்டு நாலு பேர் நிற்கும்போது எவனுக்கு வம்சம் ஞாபகம் வரும்?

ஞாபகப்படுத்தியது சங்கம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் வேர் பிடித்த குடும்பங்களுக்கு ஸ்ரீவராகத்தில் ஒரு சங்கம் உண்டு. வருஷத்தில் ஒருநாள் கூடிப் பாயசம் குடித்து, போன வருஷப் பாயசத்தைக் குறை சொல்லும் சங்கம். அதற்கு நூறு வயதாகிறது. விழாவில் நிறுவனரின் வாரிசு குத்துவிளக்கேற்றுவார் என்று தீர்மானம் போட்டார்கள். நிறுவனர் மாதேவன்பிள்ளை. ஹாலில் தலைப்பாகையோடு தொங்குகிறார். பகவதிப்பெருமாளின் அப்பாவைப் பெற்ற தாத்தா. ஆகவே பகவதிப்பெருமாள் அன்றைக்கே பட்டு வேட்டிக்கு அளவு பார்க்கப் போய்விட்டார். வேட்டிக்கு எதற்கு அளவு என்று கடைக்காரன் கேட்டதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடையில் புகுந்தவர் சங்கச் செயலாளர் லிங்கம். மாதேவன்பிள்ளையின் தங்கைக்கு மகள், அந்த மகளுக்கு மகன்.

“நானும் அந்தக் குடும்பந்தானே அண்ணாச்சி?” என்றார் கமிட்டியில்.

“எடே லிங்கம், நீ பெண்வழி. சந்து பொந்தெல்லாம் சுத்தி வந்தவன். நான் மகன் பெத்த மகன். நேர் ரோடு.”

“நேர் ரோடுக்கு ரேகை, ஆதாரம் வல்லதும் உண்டுமா?”

“ரேகையா? சர்க்காரு ரேகையே கொண்டாறேன். அதிலே என்ன இருக்கோ அதுதான் முடிவு. எழுதிக்கோ!”

எழுதிக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தில் சொன்னதைச் சொன்னபடி மினிட்ஸில் ஏற்றியது அதுவே முதல் தடவை.

மறுநாள் பத்தரைக்கு அரசு ஆவணக் காப்பகத்தில் போய் நின்றார். பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு பென்சில் தொடாத கை கூசியது. வாசிப்பறைப் பொறுப்பில் இருந்த ஸ்வப்னாவிடம், “மாதேவன்பிள்ளை ஃபைல் வேணும். ஆளு ஃபேமஸ்” என்றார்.

“இவிடெ வருந்ந எல்லாருடெ அப்பூப்பனும் ஃபேமஸ் ஆணு சாரே. கொல்லம் ஆண்டு எத்ரயா?”

வருகிற எல்லாருடைய தாத்தாவும் ஃபேமஸ்தான், மலையாள வருஷம் எது என்கிறாள். ஆண்டு தெரியாது. துறை தெரியாது. தாத்தா பெரிய ஆள் என்பது மட்டும் தெரியும். அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் நாலு நாள் பட்டியல் பட்டியலாகப் புரட்டியதற்கு அவளுக்குத்தான் விளக்கேற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டு வரும்போதும் அதோடு ஒரு தாளும் வரும். பார்த்தவர் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். பகவதிப்பெருமாள் பெயரோடு நிறுத்தவில்லை. கீழே ‘நிறுவனரின் பேரன்’ என்றும், யாராவது வாழ்த்த நினைத்தால் சிரமப்படக் கூடாதே என்று செல்போன் நம்பரும் எழுதினார்.

நாலாம் நாள் கிடைத்தது. கொல்லம் ஆயிரத்து நூற்றொன்றில், அதாவது நூறு வருஷத்துக்கு முன், சர்க்காருக்குப் போட்ட ஒரு மனு. முதல் கையெழுத்தே மாதேவன்பிள்ளை. பேரனுக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துவிட்டு வாசித்தார். துடைக்காமலே இருந்திருக்கலாம்.

நாஞ்சில் நாட்டில் அந்தக் காலத்தில் ஒருவன் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கு. சொந்த மகனுக்கு, அப்பனாகப் பார்த்துப் பிரியப்பட்டுக் கொடுப்பது மட்டும். இது அந்தச் சமூகத்தில் எல்லாருக்கும் தெரியும். தன் சொந்தத் தாத்தாவும் அந்தக் காலத்தில்தான் இருந்தார் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றாது. அதை மாற்றி மகனுக்கும் உரிமை தரச் சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது, கூடாது என்று போட்ட மனுதான் இது. ‘தங்கை மக்களே எங்கள் வாரிசு. மகனை வாரிசாக்கினால் குடும்பம் குட்டிச்சுவராகும். மகன்மாரின் இந்தப் பேராசையைத் தடுக்கவே ஸ்ரீவராகத்தில் நாங்கள் ஒரு சங்கம் கண்டிருக்கிறோம்.’

பகவதிப்பெருமாள் மூன்று தடவை வாசித்தார். மூன்று தடவையும் அதேதான் இருந்தது.

“இது வேற மாதேவன்பிள்ளையா இருக்குமோ மோளே?”

“சங்கத்தின்றெ பேரு உண்டல்லோ சாரே. அட்ரஸும் உண்டு. காப்பி எடுக்கட்டே?”

வீட்டில் மனைவி வடிவம்மாள் முழுக் கதையையும் கேட்டாள். ஒரு இடத்தில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது துக்கத்தினால் இல்லை.

“செல்லரிச்சுப் போச்சுன்னு சொல்லிரலாம்” என்றார் இவர்.

“சொல்லுங்க. நாளைக்கு லிங்கம் அண்ணன் போய்க் கேட்டா?”

“கேட்டா?”

“கட்டோட வந்த தாளிலே நீங்க போட்ட ஒப்பு கெடக்குமே. நிறுவனரின் பேரன்னு. போன் நம்பரோட.”

பகவதிப்பெருமாள் அன்று ராத்திரிச் சோறு வேண்டாம் என்றார். பிறகு தோசை சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி. பதினோரு பேர். சுவரில் தலைப்பாகை. பகவதிப்பெருமாள் எழுந்து நகலை வாசித்தார். ‘பேராசை’ வந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒரு வரி விட்டுப்போச்சு போல இருக்கே” என்றார் லிங்கம், மிகுந்த மரியாதையோடு.

வாசித்தார்.

“அந்தக் குட்டிச்சுவரு வாற எடத்தையும் ஒருக்கா. பின்னாடி உள்ளவங்களுக்குக் கேக்கல்ல.”

பின்னால் யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது. அதையும் வாசித்தார்.

லிங்கம் மினிட்ஸைப் புரட்டினார். ‘அதிலே என்ன இருக்கோ அதுதான் முடிவு’ என்ற வரியை விரலால் தடவிக் காட்டினார். விளக்கேற்றும் உரிமை லிங்கத்துக்கு என்று தீர்மானமாயிற்று. சிலர் கை தட்டினார்கள். சிலருக்கு வடை வந்திருந்ததால் கை ஒழியவில்லை.

இத்தோடு அவர் உட்கார்ந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் கடை நடத்தியவரை அப்படி நினைப்பது தப்பு. ஒரு சரக்கு போகவில்லையென்றால் அடுத்ததை எடுத்துக் காட்டத் தெரிந்தவர் அவர்.

“ஒரு நிமிசம்!” என்றார். “நான் நாலு நாளு அங்க இருந்து படிச்சதிலே ஒண்ணு மனசிலாச்சு. நம்ம மரபு தாய்வழி. அதுதான் சரி. நானும் அதைத்தான் ஆதரிக்கேன்.”

“எப்பம் தொட்டு அண்ணாச்சி?”

“வியாழக்கிழம தொட்டு. அப்போ பாத்தா, மாதேவன்பிள்ளை எனக்கு ஆரு? எங்க அப்பாவைப் பெத்தவரு, அவ்வளவுதான். எனக்க குடும்பம் எங்க அம்மைக்க குடும்பம்லா? இவரு படம் இங்க தொங்கினா என்ன, தொங்கல்லைன்னா எனக்கென்ன?”

விழாத் தீர்மானம் போட்ட நாள்முதல் தினமும் அந்தப் படத்துக்குப் பூப் போட வந்துகொண்டிருந்தவர் அவர்தான்.

“அம்மைக்க குடும்பத்திலே ஆரு உண்டு?” என்றார் லிங்கம். வடை பாதியில் நின்றது.

“அம்மைக்குத் தாய்மாமன் ஒருத்தர் இருந்திருக்காரு. ராஜா கொட்டாரத்திலே பெரிய ஆளு.”

“என்னவா இருந்தாரு?”

பகவதிப்பெருமாள் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கூடவே, காப்பகத்தில் திருப்பிக் கொடுக்க மறந்து எடுத்து வந்திருந்த பென்சிலையும் சரிபார்த்துக்கொண்டார்.

“திங்கக்கிழம பத்தரைக்கு மேல சொல்லுதேன்” என்றார்.